கொடி நட்ட பாத்தி

1

குருபரப்பள்ளியில் அந்தத் தக்காளித் தோட்டத்துக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. மருந்து அடித்த பாத்தியும் கருகியிருந்தது, அடிக்காத பாத்தியும் கருகியிருந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில், ஓசூரில் பயிர் மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் ஃபீல்டு அசிஸ்டெண்டாக இருந்தேன். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம், குடியிருந்தது மூக்கண்டப்பள்ளி வாடகை வீட்டில். வேலை இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை. தக்காளி இலைக்கருகலுக்கு ஒரு புது மருந்து. அது கேட்கிறதா என்று மூன்று விவசாயிகளின் தோட்டத்தில் ட்ரயல் போட்டிருந்தோம். ஒரு பாத்திக்கு எங்கள் மருந்து. பக்கத்துப் பாத்திக்கு எதுவுமே கிடையாது, அதற்குப் பெயர் கண்ட்ரோல். அதில் சிவப்புக் கொடி நட்டு, "கொடி நட்ட பாத்தியத் தொட்றாதீங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வருவது என் வேலை. செடி கருகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்த விவசாயிக்கும் மனசு வராது. அசந்தால் கண்ட்ரோலுக்கும் எதையாவது அடித்துவிடுவார்கள் என்பதுதான் எங்கள் பயம்.

மற்ற இரண்டு தோட்டங்களிலும் எங்கள் பாத்தி பச்சைப் பசேலென்று இருந்தது. கொடி நட்டது மட்டும் கருகியிருந்தது. வம்பு பண்ணியது இந்தத் திம்மராயன் தோட்டம்தான்.

மேனேஜர் டாக்டர் பட்டம் வாங்கியவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நான் அளவெடுத்து எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, அந்த ஆள் மருந்தை அடிக்காமல் விற்றிருப்பான் என்றார். அடிக்கும்போது நான் கூடவே நின்றேன் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"மூணுல ஒண்ணு போச்சுன்னா மருந்து கடைக்கு வர்றது ஒரு சீசன் தள்ளிப்போகும். மேல நான் என்னன்னு பதில் சொல்றது? உங்க கன்ஃபர்மேஷன் பேப்பரும் என் டேபிள்லதான் இருக்கு."

அவர் மிரட்டவில்லை, இருப்பதைச் சொன்னார். 'விவசாயி மருந்தை முறைப்படி அடிக்கவில்லை. இத்தோட்டத்தின் விவரங்கள் விலக்கப்படுகின்றன' என்று அந்தத் தாளின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் கன்ஃபர்ம் ஆனேன். வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

2

ரிப்போர்ட் போய்ச் சில மாதம் கழித்து வேறு வேலையாக ராயக்கோட்டைப் பக்கம் போனேன். பச்சைப் பசேலென்று இருந்த இரண்டு தோட்டங்களில் ஒன்றின் சொந்தக்காரர் வழியில் பிடித்துக்கொண்டார். பேச்சுவாக்கில் பெருமையாகச் சொன்னார்.

"நீங்க அளவெடுக்க வர்றதுக்கு முந்தின வாரம் உங்க பாத்தியும் கருக ஆரம்பிச்சுருச்சு சார். பெரிய ஆளுங்கள்லாம் வர்றாங்க, நம்ம தோட்டத்துல அப்படிக் கெடந்தா அசிங்கம் இல்லியா? நாங்க எப்பவும் அடிக்கற மருந்தையே ரெண்டு வாட்டி அடிச்சு உட்டேன். உங்க இன்னொரு ட்ரயல் போட்ட பக்கத்துத் தோட்டத்தானுக்கும் சொல்லி அடிக்க வெச்சேன். கொடி நட்டத மட்டும் தொடவே இல்ல சார், நீங்க சொன்ன மாதிரியே."

அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை. கொடி நட்ட பாத்தியைத் தொடாதே என்றேனே தவிர, நடாத பாத்தியைத் தொடாதே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றில் உண்மையான தோட்டம் ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் கையெழுத்துப் போட்டுத் தூக்கி எறிந்திருந்தேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். ரிப்போர்ட் போயாச்சு, இனி கிளறி என்ன ஆகப்போகிறது என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால், அலுப்பு. அலுப்பு என்று சொன்னால் கௌரவமாக இருக்கிறது, பயம்தான்.

3

மருந்து கடைக்கு வந்தது. அடுத்த தக்காளிப் பருவத்தில் திம்மராயன் ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். தோட்டம் முழுக்கக் கருகிக் கிடந்தது. வரப்பில் எங்கள் கம்பெனியின் காலி டப்பாக்கள்.

"அன்னிக்கு நம்ம தோட்டத்துல மருந்து கேக்கல. ஆனா மத்த எடத்துல கேட்டுத்தான கடைக்கு உட்ருப்பாங்கன்னு நம்பி வாங்குனேன் சார்," என்றார்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் தோட்டத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதையும், எடுப்பதற்கு என்ன காரணம் எழுதினேன் என்பதையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அன்னிக்கு நான் மருந்து அடிக்கறப்ப டேங்குல தண்ணி ஊத்துனது நீங்கதான சார்?"

ஆமாம் என்றேன். அவர் குனிந்து கருகின செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகும் இதே தொழிலில்தான் காலம் தள்ளினேன். கம்பெனிகள் மாறின, மேனேஜர்கள் மாறினார்கள், டேபிளில் காத்திருக்கும் ஏதாவது ஒரு பேப்பர் மட்டும் எல்லா இடத்திலும் இருந்தது. நான் கற்றுக்கொண்டது சின்ன விஷயம். தோட்டத்தை விட்டு வெளியே வருவதற்கு முன், தாளின் முதல் வரியில் 'மருந்து அடிக்கும்போது நான் கூட நின்றேன்' என்றோ 'நிற்கவில்லை' என்றோ பேனாவால் எழுதிவிடுவேன். அந்த வரி இருந்தால் பிற்பாடு பொய் எழுதக் கை கூசும். ட்ரயல் வேலைக்கு வருகிறவர்கள் இதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

திம்மராயன் தோட்டத்துத் தாளில் அந்த வரி இல்லை. என் கையெழுத்து மட்டும் இருக்கிறது.