வார்டுக்கு மாப்பிள்ளை விசாரித்தது

ஒரு மனிதரைப் பற்றி விசாரிக்க எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். மாப்பிள்ளை விசாரிக்கிற வழி. எதிர்த்த வெற்றிலைக் கடையில் கேட்பது, சவரம் செய்கிறவரிடம் கேட்பது, கடைசியாகக் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற பெண்களிடம் கேட்பது. வேறொரு விசாரணையும் உண்டு, அது போலீஸ்காரர் செய்வது. அதில் அனுபவப்பட்டவர்கள் எங்கள் தெருவில் இருந்திருக்கலாம், யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முனிசிபாலிட்டி வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. வரி கட்டுகிற ஆண்களுக்கு மட்டும் ஓட்டு. எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு வக்கீல் குமாஸ்தா. கூட்டத்துக்குப் போவார், தூங்குவார், எழுந்து வீட்டுக்கு வருவார். அவரை எதிர்த்து அந்த முறை நின்றவர், தெருவில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்த மேனேஜர். ராஜபாளையத்தில் ஒரு பருத்தி அரைவை ஆலையைப் பல காலம் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி தவறிப் போயிருந்தார். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார்.

"ஆலைய எப்படி நடத்துனேனோ, அப்படியே வார்டயும் நடத்திக் காட்டுதேன்" என்று வீடு வீடாகச் சொன்னார். என் ஜவுளிக் கடைக்கும் வந்து சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆலையை எப்படி நடத்தினார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அதுதான் எரிச்சல். தெரியாத ஒன்றைப் போலவே நடத்துவேன் என்கிறவருக்கு இவர்கள் எதை நம்பித் தலையாட்டுகிறார்கள்?

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறுவது தெருமுனைக் கிணற்றில் மட்டும்தான். வீட்டுப் பின்கட்டுக் கிணறுகள் எல்லாம் உப்பு. அந்தத் தெருமுனைக் கிணற்றின் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. சுவரைக் கட்டுவதா, கிணற்றைத் தூர்த்துவிடுவதா என்று முனிசிபாலிட்டியில் பேச்சு. அடுத்து வருகிற கவுன்சிலர் சொல்வதுதான் முடிவு.

ஆகவே விசாரித்து வரும்படி என்னையும் கோனாரையும் தெரு அனுப்பியது. கோனார் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். பெண்மக்களை வரிசையாகக் கட்டிக்கொடுத்தவர் என்பதால் விசாரணையில் பழம் தின்று கொட்டை போட்டவர். நான் எதற்கு என்றால், வாய் அதிகம் என்பதற்கு.

ராஜபாளையத்தில் ஆலைக்கு எதிர்த்த வெற்றிலைக் கடையில் போய் உட்கார்ந்தோம். கோனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வில்லிபுத்தூர்லேர்ந்து வாரோம். பழைய மேனேஜரப் பத்தி ஒரு வார்த்தை விசாரிக்கணும்" என்றார். பழக்கம் யாரை விட்டது? குரல் தானாகவே சம்பந்தம் பேசுகிற குரலாகிவிட்டது.

"அவியளா? தங்கம்லா" என்றார் கடைக்காரர்.

"கோவம் வருமோ?"

"கோவமா? எறும்பு கடிச்சா எறும்புகிட்ட மன்னிப்புக் கேப்பாக."

"குடி, கிடி?"

"மோரே யோசிச்சுத்தான் குடிப்பாக."

சவரக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். மேனேஜருக்கு நரைத்ததே போன தீபாவளிக்குப் பிறகுதான் என்றார். பல்லெல்லாம் சொந்தப் பல் என்றார். கவுன்சிலருக்குப் பல் எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், கோனாரின் முகம் பூரித்துவிட்டது. "இம்புட்டு நல்ல பேரு எம் மருமகன் ஒருத்தனுக்கும் கெடைக்கல, ராவுத்தரே" என்றார்.

கிளம்பும்போது, முறையை விடக் கூடாதே என்று, கோனார் மறுபடி வெற்றிலைக் கடைக்காரரிடம் போனார். "ஆலைப் பொம்பளைக தண்ணி எறைக்கிற கிணறு எங்க இருக்கு? அங்கயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருதோம்."

கடைக்காரர் வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார். "அது எதுக்கு? பொண்ணு வீட்டுக்காரங்க இம்புட்டுத் தூரமா விசாரிப்பாக? அது சரி, பொண்ணுக்கு வயசு எம்புட்டு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்று சொல்லி வைத்த ஊர் இது. மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர்களிடம் ஒரு சொல் குறைத்துச் சொல்லிச் சம்பந்தத்தைக் கெடுத்தால் பாவம் ஏழு தலைமுறைக்கு. பகையாளிகூடப் புகழ்ந்துதான் தீரவேண்டும். காலையிலிருந்து எங்கள் காதில் விழுந்த புகழெல்லாம் கல்யாணச் சீர்வரிசைக்குச் சமானம்.

"பொண்ணும் இல்ல, கல்யாணமும் இல்ல. எலெக்சனுக்கு நிக்காக. ஓட்டுப் போடலாமான்னு கேக்க வந்தோம்" என்றேன்.

"அட, அத மொதல்லயே சொல்லப்படாதா? காலையிலேர்ந்து நான் சொன்ன பொய்யெல்லாம் வீணால்லா போச்சு."

பிறகு நிஜத்தைச் சொன்னார். அதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார் என்றுதான் எனக்குப் பட்டது. கூலி ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. கைநீட்டி யாரையும் அடித்ததில்லை. எஞ்சின் நின்றதில்லை. முதலாளிகளுக்கு நல்ல லாபம். ஆலைக்குள் ஒரு கிணறு இருந்தது. பருத்தி ஆய்கிற பெண்கள் தண்ணீர் குடிக்கப் போனால் நின்று பேசுகிறார்கள், வேலை கெடுகிறது என்று, கொதிகலன் சாம்பலைக் கொட்டி அதைத் தூர்த்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டிலிருந்து கலயத்தில் கொண்டுவருகிற தண்ணீர்தான். தீர்ந்தால் சங்கு ஊதுகிறவரைக்கும் பஞ்சுத் தூசியும் வறண்ட தொண்டையும்.

"கிணத்தடி எங்கன்னு கேட்டியளே, அந்தச் சாம்பல் மேட்டுக்கு அடியில இருக்கு" என்றார்.

திரும்பும்போது வண்டியில் கோனார், கைக்கு எட்டிய சம்பந்தம் தட்டிப்போன மாதிரி இருந்தார்.

என் கடை வாசலில் தெருக்காரர்களைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். கிணறு தூர்த்த இடம் வந்ததும் எல்லோரும் திடுக்கிடுவார்கள் என்று நினைத்தேன். "பாத்தியா, இதுல்லா நிர்வாகம்" என்றார் ஒருவர். "நம்ம வீட்டுப் பொம்பளைகளும் கிணத்தடியில மணிக்கணக்கா நிக்கத்தான் செய்தாளுக" என்றார் இன்னொருவர். எனக்கு வந்த கோபத்தில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். குடம் தூக்கித் தெரியாதவர்களுக்குத்தான் கிணறு ஒரு பேச்சு மேடையாகத் தெரியும்.

மறுநாள் மேனேஜரே கடைக்கு வந்தார். தலைக்கு எண்ணெய் தடவி, மீசையை முறுக்கி, முகத்தில் ஒரு வெட்கம். ராஜபாளையத்தில் நாங்கள் பேசியதில் முதல் பாதி மட்டும் அவர் காதுக்கு வந்திருக்கிறது.

"நம்மளப் பத்தி விசாரிச்சியளாமே, ராவுத்தரே. யார் வீட்டுல?" என்றார்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவமாக ஒரு பக்கம். விஷயத்தைச் சொன்னேன். மீசை சற்றே இறங்கியது. ஆனால் கிணறு பற்றிக் கேட்டதும் பழையபடி நிமிர்ந்துவிட்டார். மறைக்கவே இல்லை.

"ஆமா, தூர்த்தேன். தெருமுனைக் கிணத்தயும் தூர்த்துறலாம்னுதான் இருக்கேன். சுவர் கட்டச் செலவு, பொறவு வருசா வருசம் செலவு. வீட்டுக்கு வீடு பின்கட்டுல கிணறு இருக்குல்லா?"

"அது உப்புத் தண்ணி."

"பழகிரும். ஆலையிலயும் மொதல்ல மொனங்குனாக, பொறவு பழகிட்டாக."

நான் இதைத் தெரு ஆண்களிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னேன். அவள் கோனார் மனைவியிடம் சொன்னாள். அதற்கு மேல் யார் யாரிடம் சொன்னார்கள் என்பது கிணற்றடிக்குத் தெரியும்.

ஓட்டுப் போடுகிற நாளுக்கு முந்தின நாளிலிருந்து தெருவில் எந்த வீட்டிலும் நல்ல தண்ணீர் இல்லை. கஞ்சி உப்பு, குழம்பு உப்பு, பருப்பு கடைசிவரை வேகவில்லை. மோரில் உப்புப் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கேட்டதற்கு என் மனைவி, "பழகிரும்னு சொன்னாகளாமே, இன்னைக்கே பழகிக்கிடுங்க" என்றாள். நான் அவள் கட்சி என்பதைச் சொல்லிப் பார்த்தேன். என் பங்கும் உப்பாகத்தான் வந்தது.

மறுநாள் எங்கள் தெரு ஆண்கள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, வரிசையில் நின்றார்கள். நிர்வாகத்தைப் புகழ்ந்தவர் பக்கத்து வார்டில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்து நின்றார். அப்போது ஓட்டுச் சீட்டு கிடையாது; ஒவ்வொருவராக அதிகாரி முன்னால் போய் வாய்விட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவராக, மேனேஜரின் முகத்தைப் பாராமல், தூங்குகிற குமாஸ்தாவின் பெயரைச் சொன்னார்கள். குமாஸ்தாவை எழுப்பி ஜெயித்ததைச் சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே மேனேஜர் தனியாக நின்றார். கோட்டுப் பொத்தான்கூடக் கழலவில்லை. ஆனால் ஆள் இளைத்துப்போன மாதிரி இருந்தார். மனசு கேட்காமல் பக்கத்தில் போனேன்.

"அம்புட்டு வருசம் ஆலையில இருந்தேன், ராவுத்தரே. அத்தனை பொம்பளைக. ஒருத்திகூட வேண்டாம்னு சொன்னதில்லையே" என்றார்.

"அங்க அவுககிட்ட யாரு கேட்டா?" என்றேன்.

அவர் திருப்பி ஒன்று கேட்டார். கேலி செய்கிறாரோ என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"கேக்கணுமா?"