மச்சான் இறக்கிய விமானம்

பள்ளிவாசல்துறையில் போட் இஞ்சின் திருத்துகிற ஃபாஹிமுக்கு, மாமி மகன் நுஸ்கியின் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் இருவரும் விமானி வேலைக்கான வைத்தியப் பரிசோதனைக்கு ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் இருந்த இலக்கங்களை நுஸ்கி மளமளவென்று வாசித்தான். ஃபாஹிமுக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. நிறக்குருடு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணக்கிலும் இங்கிலீஷிலும் இருவரில் கெட்டிக்காரன் ஃபாஹிம்தான்.

போன வருஷம் நடுக்கடலுக்கு மேலே கெப்டன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, துணை விமானியாக இருந்தவன் நுஸ்கி. பணிப்பெண்கள் கெப்டனை இழுத்து நிமிர்த்தி, விசைகளின் மேல் சாய்ந்துவிடாதபடி கதிரையோடு கட்டினார்கள். நுஸ்கி தனியாளாக, பக்கத்திலிருந்த விமான நிலையத்தில் நூற்றறுபது பேரையும் பத்திரமாக இறக்கினான். கெப்டனும் பிழைத்துக்கொண்டார்.

ஊரே நுஸ்கியைக் கொண்டாடியது. மாமி வீட்டு விருந்துக்கு ஃபாஹிம் வேண்டாவெறுப்பாகத்தான் போனான். சாப்பிட்டுக் கை கழுவப் போன நுஸ்கி திடீரென்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளிறி, கண் எங்கேயோ செருகியது.

"எத்தனையாவது தரம்?" என்றான் ஃபாஹிம்.

"மூணாவது. தூக்கமில்ல, அவ்வளவுதான். ஒருத்தருக்கும் சொல்லாத மச்சான்."

"டொக்டருக்கும் சொல்லல்லையா?"

"சொன்னா பறக்க விடமாட்டாங்க."

"உன்ட கெப்டனும் அப்படித்தானே மறைச்சிருப்பார்?"

நுஸ்கி அவனை நேராகப் பார்த்தான். "உனக்கு எரிச்சல்டா. நானும் கீழ இறங்கணும் உனக்கு."

அந்தத் தள்ளாட்டத்தைக் கண்ட கணத்தில் ஃபாஹிமுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது உண்மைதான். அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை. மறுநாளே மாமியிடம் சொல்லிவிட்டான். அவர் அழுது பிடிவாதம் பிடித்து மகனை டொக்டரிடம் அனுப்பினார். இதயத் துடிப்பில் கோளாறு என்று தெரிந்தது.

எட்டு மாதம் நுஸ்கி பறக்கவில்லை. ஃபாஹிமின் பொறாமைக் கண் பட்ட கண்ணூறுதான் என்று ஊரில் கதைத்தார்கள். பள்ளிவாசலில் எதிரெதிரே வந்தாலும் நுஸ்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். தான் செய்தது பயணிகளின் உயிருக்காகவா, தன் எரிச்சலுக்காகவா என்று ஃபாஹிமுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

சிகிச்சை பலித்து, மறுபடி பறக்க அனுமதி கிடைத்த அன்று நுஸ்கியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "திங்கள் பறக்கிறேன். நீ சொன்னது சரி."

கிரீஸ் கையோடு ஃபாஹிம் அதை இரண்டு தரம் வாசித்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்று பதில் போட்டான். மனதாரத்தான் போட்டான். என்றாலும் வயிறு எரிந்தது.