கொழுக்கட்டை மேசையில் ஊற்றிய வினிகர்

என் வீட்டுக்காரர் லுவான் ஷோவ்தியான் நல்லவர்தான். உண்மையை எந்த இடத்தில் வைத்துச் சொல்வது என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஜீஷி பக்கம் ஒரு கிராஃபைட் சுரங்கத்தின் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் உழைத்தார். மலையிலிருந்து வரும் கல்லில் கரி எவ்வளவு என்று அளப்பதுதான் பிழைப்பு. கல்லைப் பொடித்து, காயவைத்து, ஒரு சிட்டிகைத் தூளை நிறுத்து, ஆக்சிஜன் ஓடும் உலையில் எரிப்பார்கள். கரி வாயுவாகிவிடும். அந்த வாயுவை அளந்தால் கரியின் கணக்கு வந்துவிடும்.

இதில் ஒரு சூது உண்டு. எங்கள் மலைகளில் கிராஃபைட்டோடு சுண்ணாம்புக்கல்லும் கலந்து கிடக்கும். சூடேறினால் அதுவும் அதே வாயுவைக் கக்கும். அதனால் முதலில் தூளை அமிலத்தில் போட்டு, நுரை அடங்கியபின் கழுவி உலர்த்தி, அப்புறம்தான் எரிக்கவேண்டும். அவசரக்காரர்கள் அமிலத்தை விட்டுவிடுவார்கள். சுண்ணாம்பும் கரி வேஷம் போட்டுக் கணக்கில் ஏறிவிடும். லுவான் ஒருநாளும் விட்டதில்லை. வீட்டிலும் அதே குணம். ஆசையாகப் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றால், "விலைக்கேத்த துணி இல்ல" என்பார். நல்லாயிருக்கு என்று சொன்னால் நாக்கு அழுகிவிடுமா?

அவருடைய தம்பி ஷோவ்லின், சோளக்காட்டுக்குப் பின்னாலிருந்த குன்றைக் குத்தகைக்கு எடுக்கக் கிளம்பினான். கூட்டுச் சேர்ந்தவர் அவனுடைய வருங்காலச் சம்பந்தி சியாவ். பட்டணத்துப் பரிசோதனைக் கடையொன்றில் கல்லைக் கொடுத்து, நூற்றுக்கு ஒன்பது கரி என்று சீட்டு வாங்கி வந்திருந்தார்கள். கையெழுத்துக்கு முன்னால் அண்ணனும் பார்க்கட்டும் என்று ஷோவ்லின் சில கட்டிகளைக் கொடுத்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. மதியமே லுவான் வந்து நின்றார்.

"கழுவி எரிச்சுப் பாத்தேன். நூத்துக்கு ரெண்டுகூடத் தேறல. மத்ததெல்லாம் சுண்ணாம்பு."

"அப்ப இப்பவே போய் தம்பிகிட்ட சொல்லுய்யா. சம்பந்தி முன்னாடி வேணாம்."

"எங்க வெச்சு சொன்னாலும் ரெண்டு ரெண்டுதான்."

"ரெண்டு ரெண்டாவே இருக்கட்டும். தம்பி தம்பியா இருக்கவேணாமா?"

அவர் கொழுக்கட்டைக்கு மாவு தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் சியாவுக்குச் சோளச் சாராயம் இரண்டாம் கிண்ணத்திலேயே தலைக்கேறிவிட்டது. "ஒன்பது! லுவான் அண்ணே, பாத்துக்கிட்டே இருங்க, அடுத்த வருஷம் உங்க சுரங்கத்தையே நாங்க வெலைக்குக் கேப்போம்! அப்ப எங்ககிட்ட சம்பளம் வாங்குவீங்களா?" என்று மேசையைத் தட்டினார். ஷோவ்லின் சிரிக்கவில்லை. "எங்கண்ணன் வாயால வரட்டும்" என்றான். எனக்கு அது திமிர்ப் பேச்சாகத்தான் பட்டது. என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

லுவான் எழுந்து போய் மீதியிருந்த கட்டியை எடுத்து வந்தார். மாவுருட்டும் கட்டையாலேயே அதை நொறுக்கித் தட்டில் போட்டார். கொழுக்கட்டைக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த வினிகரை அதன்மேல் கவிழ்த்தார். ஸ்ஸ் என்று பொங்கியது நுரை.

"பாத்துக்குங்க. உங்க ஒன்பதுல ஏழு இந்த நுரைதான்."

சியாவ் வாய் பிளந்து பார்த்தார். பிறகு தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அடப்பாவி ஷோவ்லின்! உன் வீட்டுக்கு வெள்ளையடிக்கவா என்னைக் கூட்டுச் சேத்த?"

ஷோவ்லின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்த புளிக்கவைத்த முட்டைக்கோஸ் கொழுக்கட்டையில் ஒன்றைக்கூட அவன் தொடவில்லை.

குத்தகை நின்றுபோனது. கல்யாணம் நடந்தது. ஊர் அவனுக்குச் சுண்ணாம்பு ஷோவ்லின் என்று பேர் வைத்தது. தம்பியைப் படுகுழியில் விழாமல் காத்தவர் என்று லுவானை எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு ஷோவ்லின் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஷான்டோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறைக்குப் போய்விட்டான். புத்தாண்டுக்குக்கூட வரவில்லை. இவர் போன் செய்தால் மனைவியிடம் கொடுத்துவிடுவான். இவரும், "நான் பொய்யா சொன்னேன்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வருஷங்களை ஓட்டினார். பொய் என்று யார் சொன்னது?

போன குளிர்காலத்தில் ஷோவ்லின் மாரடைப்பில் போய்விட்டான். சாம்பலை ஊருக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். சடங்குப்படி காகிதப் பணம் எரித்து முடித்தபின் அவன் மகள் யென்ஹோங் எங்களிடம் வந்தாள்.

"அப்பாவும் வீட்டுல வினிகர் ஊத்திப் பாத்தாரு பெரியப்பா. உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முந்தின நாளே. நுரைச்சுது. என் மாமனார்கிட்ட எந்த முகத்தோட சொல்றதுன்னு தவிச்சாரு. 'இன்னும் ரெண்டு எடத்துல கல்லெடுத்துப் பாக்கணும்னு அண்ணன் சொல்லிட்டாப் போதும், அதைச் சாக்கா வெச்சு நான் வெலகிப்பேன்'னு அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் கெளம்பினாரு."

"என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் லுவான்.

"நீங்களும் சொல்லியிருக்கலாம் பெரியப்பா" என்றாள் அவள்.