வெர்னாம்மா சுற்றவிட்ட மெழுகுவர்த்தி

அமெரிக்காவின் தென் மாநிலத்துப் பெண்கள் நாங்கள் வாய்க்கு வாய் நன்றி சொல்லுவோம். கதவைத் திறந்துவிட்டவனுக்கும் நன்றி, காலை மிதித்தவனுக்கும் நன்றி. அதெல்லாம் வாய்ப் பழக்கம். மனசார நான் நன்றி சொல்ல வேண்டிய ஆள் ஒருவர்தான். டென்னசியில் நான் படித்த பல்கலைக்கழகத்தில், எங்கள் மாணவியர் சங்கத்துப் பெண்கள் சேர்ந்து தங்கும் வீட்டில், எங்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டம்மாவாக இருந்த வெர்னா ரெய்னி. எங்களுக்கு வெர்னாம்மா.

பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கிற இடம் அது. அம்மாவும் அத்தையும் இதே சங்கத்தில் இருந்தவர்கள் என்ற தோரணையோடுதான் பாதிப் பேர் வந்து இறங்குவார்கள். எனக்கு அப்படி யாரும் இல்லை. முதலாண்டில், சங்கங்கள் புது ஆள் எடுக்கிற வாரத்தில், ஒவ்வொரு சங்க வீடாகப் போய்ச் சிரித்துச் சிரித்தே எனக்குத் தாடை வலி வந்தது. மற்ற வீடுகள் எல்லாம் கைவிரித்துவிட்டன, இந்த ஒரு வீடுதான் சேரச் சொல்லி அழைப்பு அட்டை தந்தது. வாசல் புல்வெளியில் எல்லோரும் கூச்சல் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க, வெர்னாம்மா மட்டும் கிட்டே வந்து, "ஏதாவது சாப்பிட்டியாடி?" என்று கேட்டார். காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் என் அம்மா இறந்துபோனார். போன் வந்ததும் வெர்னாம்மா என்னைத் தன் ஓட்டைக் காரில் ஏற்றி, பகல் பூராவும் ஓட்டி, கென்டக்கி மலைக்குள் இருக்கிற எங்கள் ஊரில் கொண்டுபோய் இறக்கினார். தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் யார் என்று என் சித்தப்பா கேட்டதற்கு, "லாரல் தங்கியிருக்கிற வீட்டுல வேலை பாக்குறேன்" என்றார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. திங்கட்கிழமை சாப்பாட்டுக்குத் தலைமேசையில் அவர்தான் உட்காருவார், அவர் கரண்டி எடுக்காமல் நாங்கள் எடுக்க மாட்டோம். சாப்பாடு முடிந்து சங்கக் கூட்டம் தொடங்கியதும், உறுதிமொழி எடுத்தவர்கள் மட்டும்தான் உள்ளே இருக்கலாம். அவர் எழுந்து போவார், நாங்கள் கதவைச் சாத்துவோம். உள்ளே நாங்கள் பொத்திப் பொத்திக் காத்த ரகசியம் என்ன தெரியுமா? ஒரு கைகுலுக்கல், இரண்டு பாட்டு. இதற்குத்தான் அந்த மனுஷியை வெளியே அனுப்பினோம்.

நான் சங்கத் தலைவியாக இருந்த கடைசி ஆண்டில், ஹார்லன் பீஸ்லி அடிக்கடி வர ஆரம்பித்தார். எங்கள் தெருவுக்குத் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். கையில் தக்காளியோ பீச் பழமோ இருக்கும். முன் வராந்தாவில் இரண்டு பேரும் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். ட்விலா இருக்கிறாளே, எங்களிலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஓய்வு வாங்கியும் தபால்காரர் வீட்டைச் சுத்துறதை நிறுத்தலையே" என்பாள்.

அந்த மனிதர் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டே விட்டார். வெர்னாம்மா என்னிடம்தான் சொன்னார், உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே.

"மோதிரத்தை மேசையில வச்சுட்டுப் போயிட்டாருடி. யோசிச்சுச் சொல்லுன்னாரு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உங்களுக்கு அவரைப் பிடிச்சிருக்கு. ஊருக்கே தெரியும்."

"வீட்டம்மா இங்கேயே தனியாத்தான் தங்கணும், அது சங்கத்துச் சட்டம். கல்யாணம்னா நான் கிளம்பணும். கிளம்பிட்டா நான் யாருடி உங்களுக்கு? உங்க சங்கத்துலயும் இல்ல, வீட்டுலயும் இல்ல. எனக்கு வேற யாரு இருக்கா?"

ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த வாரம் வெர்னாம்மா வந்து, "இன்னைக்கு மெழுகுவத்தி இருக்கு" என்றார். எங்கள் வீட்டில் ஒருத்திக்கு நிச்சயமானால் அவள் மோதிரத்தை ரகசியமாக வெர்னாம்மாவிடம் தருவாள். அவர் அதை மெழுகுவர்த்தியில் ரிப்பனால் கட்டித் தருவார். விளக்கை அணைத்துவிட்டு வட்டமாக நின்று, பாடிக்கொண்டே மெழுகுவர்த்தியைக் கைமாற்றுவோம். மூன்றாவது சுற்றில் எவள் ஊதி அணைக்கிறாளோ அவளுக்குத்தான் கல்யாணம். அவளைத் தூக்கிக்கொண்டு போய் உடுத்திய துணியோடு ஷவருக்கடியில் நிறுத்துவோம். வெர்னாம்மாவின் இடம் வட்டத்துக்கு வெளியே, சுவிட்சுக்குப் பக்கத்தில்.

"யாருக்கு?" என்றேன்.

"கேக்கக் கூடாதுன்னு தெரியாது?" என்றார்.

சாப்பாடு முடிந்து வட்டம் கூடியது. தலைவி என்பதால் மெழுகுவர்த்தி என் கையிலிருந்து கிளம்பியது. முதல் சுற்று போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவதில் ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருப்பவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். யாரும் ஊதவில்லை. மெழுகுவர்த்தி எரிந்தபடியே என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. பாட்டு நின்றது. எவளோ கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டாள் என்று குசுகுசுப்பு கிளம்பியது.

நான் மோதிரத்தைப் பார்த்தேன். தேய்ந்த மெல்லிய தங்கம், சின்னப் பச்சைக் கல். கல்லூரிப் பையன் எவனும் இப்படி ஒன்றை வாங்க மாட்டான். நிமிர்ந்தேன். சுவிட்சில் கை வைத்தபடி வெர்னாம்மா தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார். மெழுகுவர்த்தியைச் சுற்றவிட்டுவிட்டாரே தவிர, உள்ளே வர அவருக்குக் கால் எழவில்லை.

வட்டத்தை விட்டு, மெழுகுவர்த்தியோடு நேராக அவரிடம் போனேன்.

"வெர்னாம்மா, உங்க முறை."

"வேண்டாம் லாரல். இது உங்களுக்குள்ள நடக்கிறது. நான் சங்கத்து ஆளு இல்லையே."

எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை, எங்கள்மேல். நான் வாய் திறப்பதற்குள் ட்விலா முந்திக்கொண்டாள்.

"அப்போ இத்தனை வருஷமா எங்க பாவாடை நீளத்தைப் பாத்துத் திட்டினது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா? சீக்கிரம் ஊதுங்க. மெழுகு லாரல் கையில ஒழுகுது."

சிரித்துக்கொண்டே எல்லோரும் நகர்ந்து வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். வட்டம் இப்போது சுவிட்சுப் பக்கம் வந்துவிட்டது. வெர்னாம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஊதினார்.

இருட்டில் யார் முதலில் தூக்கினார்கள் என்று தெரியாது. அவர் எங்களை வைதுகொண்டே வந்தார், நாங்கள் கேட்கவில்லை. ஷவரை நான்தான் திறந்தேன், வெதுவெதுப்பாக.

அப்புறம் தலை துவட்டக்கூட நிற்காமல், மாடிப்படிக்குக் கீழே இருந்த போனை எடுத்தார். பாவாடையிலிருந்து தரையெல்லாம் தண்ணீர். நாங்கள் படிகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து ஒட்டுக் கேட்டோம்.

"ஹார்லன், நான்தான். சரின்னு சொல்லத்தான் போன் பண்ணினேன்." அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். "அழல. குரல் ஏன் இப்படி இருக்குன்னா, தொப்பலா நனைஞ்சு குளிர்ல நிக்கிறேன். மழை எங்க பெய்யுது? என் பொண்ணுங்க தூக்கிட்டுப் போய் ஷவர்ல நிறுத்திட்டாளுங்க."