ஒரு வசவின் விலை

நான் வசனம் எழுதிய முதல் படத்துக்குத் தணிக்கையில் ‘ஏ’ கொடுத்தார்கள். ரத்தமோ படுக்கையறையோ அதில் இல்லை. எல்லாம் பேச்சினால் வந்தது. திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் பேச்சை சினிமாவில் சிரிப்புக்கு மட்டுமே வைத்திருந்ததில் எனக்கு நெடுநாள் கோபம். அதனால் தெருவில் கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருந்தேன்.

தயாரிப்பாளர் ராயபுரத்தில் படகுக்கான கயிறும் பெயிண்டும் மொத்த வியாபாரம் செய்பவர். தெற்கத்திக்காரர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சினிமா ஆசையில் கடைப் பணத்தைப் படத்தில் போட்டிருந்தார். ‘ஏ’ வந்த மறுநாள் என்னைக் கடைக்கு வரச்சொல்லி, கயிற்றுச் சுருள்மேல் உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத படம், தியேட்டரில் ஒரு வாரம் ஓடினால் பெரிது. போட்டதை டிவி உரிமையில்தான் எடுக்க வேண்டும். ‘ஏ’ படத்தை டிவியில் போட முடியாது. தியேட்டருக்குக் குடும்பமாக வருகிறவர்களும் வரமாட்டார்கள். ஒன்பது இடத்தில் வார்த்தையை மாற்றினால் ‘யு/ஏ’ கிடைக்கும்.

எட்டு இடம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒன்பதாவது, காத்திவாக்கத்தில் இறால் விற்கும் ஓர் அக்கா நடித்த காட்சி. அதற்கு முன் அவர் கேமரா பக்கமே போனதில்லை. முகத்துவாரத்தில் எண்ணெய் மிதப்பதைப் பார்க்க வரும் அதிகாரியை அவர் திட்ட வேண்டும். நான் எழுதிக் கொடுத்ததை மறந்துவிட்டுத் தன் வாயில் வந்ததைச் சொன்னார். அந்த வசவு விழுந்ததும் மொத்த யூனிட்டும் கைதட்டியது. படத்தின் உயிரே அதுதான் என்று அண்ணாச்சியிடம் வாதாடினேன். கயிறு விற்கிறவருக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்றும் சொல்லிவிட்டேன். அவர் எனக்கு டீ வாங்கிவர ஆளை அனுப்பினார்.

டப்பிங்குக்கு அக்காவை நான்தான் அழைத்துப் போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் ஏசி குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு, திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய வாயசைவுக்குப் பொருந்த, இரண்டு முறை உதடு ஒட்டித் திறக்கிற வார்த்தையாக வேண்டும் என்றார் சவுண்ட் இன்ஜினியர். நான் தாளில் எழுதி வைத்திருந்த எதுவும் பொருந்தவில்லை. அக்காவே யோசித்து ‘பேமானி’ என்று சொல்லிப் பார்த்தார். அச்சாக உட்கார்ந்தது.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வெளியே வந்ததும், உங்களுக்கு வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

“இன்னாத்துக்கு நைனா வருத்தம்? அன்னிக்குக் கோவத்துல வாய்ல வந்துச்சு. என் பேத்தி எட்டாவது படிக்குது. அது பாக்க முடியாத படத்துல நான் நடிச்சு இன்னா பிரயோஜனம்? உனுக்கு அந்தப் பழைய வார்த்த நல்லா கீது. நாளைக்கு மார்க்கெட்ல அத்தச் சொல்லி என்னியக் கூப்புடுவானுங்க. நான்தானே கேட்டுக்கணும்?”

அவர் சொன்னது ஒன்றைக்கூட நான் யோசித்திருக்கவில்லை. அவருக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அவரை ஒரு வார்த்தை கேட்காமலே சண்டை போட்டிருந்தேன்.

படம் தியேட்டரில் ஆறு நாள் ஓடியது. டிவிக்காரர்கள் முதலில் பேசிய தொகையைக் குறைத்துத்தான் வாங்கினார்கள். ஆனாலும் அண்ணாச்சியின் கடை தப்பியது. நேரில் போய், அன்றைக்குப் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். “எழுதுறவன் சண்ட போடாம வேற யாரு போடுவா தம்பி” என்றார். அடுத்த படத்தைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் டிவியில் போட்டார்கள். அக்கா வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பேத்தி தன் தோழிகளைக் கூட்டி வந்திருந்தாள். அக்கா வரும் காட்சியில் அந்தப் பெண்கள் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். காட்சி முடியும்வரை அக்கா கண் எடுக்கவில்லை.

“வேற பொடவ கட்டிகினு வந்திருக்கலாம்,” என்றார். விளம்பரம் வந்ததும் இறால் உரிக்க எழுந்து போனார்.