கையெழுத்துக்கு முன் ஒரு சுற்று

1974 மாசியில், துறைமுகப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் நாலாம் வாட்டில் இருக்க வேண்டிய தாதியர் ஒன்பது பேர், இருந்தவர்கள் நால்வர். அவர்களில் ஒருத்தி பொறுப்புத் தாதி மாகிரட். அவள் வந்த பதினொரு வருடத்தில் அந்த வாட்டுக்கு முப்பத்துநான்கு பேர் வந்தார்கள். முப்பத்தொரு பேர் போய்விட்டார்கள். அவர்களில் பதினொருவர் மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. யாழ்ப்பாணம், காலி, கண்டி என்று எல்லோருக்கும் வீடு வேறெங்கோ இருந்தது. மாகிரட்டுக்கும்தான். கணவன் இக்னேசியஸும் ஐந்து வயது மகளும் மன்னாரில் இருந்தார்கள்.

மன்னாருக்கு இடமாற்றக் கடிதம் இரண்டு தரம் வந்து, பதிலாள் வராததால் வீணாய்ப் போனது. மூன்றாம் தரம் பதிலாளும் வந்துவிட்டாள். மட்டக்களப்பு இன்பமலர், வயது இருபத்துமூன்று, கையில் ஒரு தகரப்பெட்டி. அவள் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டால் மாகிரட் அன்றே புறப்படலாம்.

"முதல்ல கையெழுத்த வாங்குங்க மிஸி, கதை பிறகு," என்று சிற்றூழியர் லைலா காதோடு சொன்னாள்.

மாகிரட் புத்தகத்தை மூடினாள். "வாங்கோ பிள்ளை, வாட்டைப் பாப்பம்."

இரண்டு வருடமாக அதுதான் அவள் வழக்கம். பார்க்காமல் கையெழுத்து வைத்தவர்கள்தாம் சுகயீன லீவு போட்டுவிட்டு மாயமானார்கள்.

கட்டில்கள் இருபத்தெட்டு, நோயாளர் நாற்பத்திரண்டு பேர். பாயில் கிடந்த தம்பலகாமத்துக் கமக்காரரைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது.

"இரவில எத்தினை பேர் மிஸி?"

"ஒராள்."

"உதவிக்கு?"

"லைலா இருந்தா லைலா."

"நான் இல்லாட்டி அல்லாஹ்தான்," என்றாள் லைலா.

இன்பமலர் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வெளி வாங்கிலில் உட்கார்ந்தாள். மட்டக்களப்புக்குப் போகும் ஒரு மணி பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. லைலா தலையில் அடித்துக்கொண்டாள். மாகிரட் ஊசிகளைக் கொதிநீரில் போட்டபடி யன்னலால் இரண்டு தரம் பார்த்தாள். மூன்றாம் தரம் பார்க்கத் துணிவு வரவில்லை.

பஸ் போன பிறகு இன்பமலர் உள்ளே வந்தாள். "கையெழுத்து வைக்கிறன் மிஸி. ஆனா நீங்க உடன போகப்படாது. ஒரு மாசம் என்னோட நிக்கோணும். தனிய ஏலாது."

மகளின் பிறந்தநாளுக்குப் பதினாறு நாள்தான் இருந்தது. மாகிரட் விரல் மடித்து எண்ணினாள்.

"பதினாலு நாள் நிப்பன்."

"வேலை பழகப் பதினாலு நாள் காணுமோ?"

"காணாது. நானும் காணாமத்தான் தொடங்கினனான்."

பதினைந்தாம் நாள் காலை அவள் மன்னாருக்குப் புறப்பட்டாள். அன்றிரவுக் கடமை இன்பமலருக்கு.