துவைக்காத சட்டை

என் அண்ணி ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்கிறவள். மீதி நேரமெல்லாம் ஒட்டுப்போர்வைதான். துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் நெருக்க நெருக்கத் தைப்பாள். போர்த்திக்கொள்ள அல்ல, சுவரில் படம் மாதிரி மாட்ட.

"சுவருக்குக் குளிருதா?" என்று அண்ணன் கேலி செய்வார்.

"உங்களுக்குக் குளிர்ந்தா சொல்லுங்க, சாக்கு தரேன்," என்பாள் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

சோறு தண்ணி இல்லாமல் இருந்தாலும் இருப்பாள், துவைக்காத துணியில் கத்தரி வைக்க மாட்டாள். புதுத்துணி சாயம் விட்டால் பக்கத்திலிருக்கும் பத்துத் துண்டும் பாழ். இந்த விதியை அவள் மீறியது ஒரே ஒரு முறை.

அவள் மகன் கப்பல் வேலைக்குப் போனான். நெட்டையன் என்றுதான் கூப்பிடுவோம். கப்பல் திரும்பியது, அவன் திரும்பவில்லை. ஏழு வருஷமாகிறது, செத்தான் என்று வீட்டில் யாரும் இன்னும் சொன்னதில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு சிவப்புச் சட்டை வாங்கி, அன்றெல்லாம் அதிலேயே சுற்றிவிட்டு, கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். செய்தி வந்த அன்று அண்ணி அதை முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

"இதுல அவன் வாசனை அப்படியே இருக்கு. யாரும் தண்ணியில போட்டுடாதீங்க."

நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். அவன் கிளம்பின வாரமே மற்ற அழுக்கோடு ஊறவைத்து, கசக்கி, காயவைத்து, அதே கொக்கியில் மாட்டியவள் நான்தான். வாய் திறக்கவில்லை. எந்த நாத்தனார் திறப்பாள், சொல்லுங்கள்? அண்ணி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாள். அவ்வப்போது எடுத்து முகர்ந்துவிட்டு என்னிடமும் நீட்டுவாள். "ஆமா அண்ணி, அவன்தான்," என்பேன். சொல்லிச் சொல்லி எனக்கும் அவன் வியர்வை வாசனையும் தலையெண்ணெய் வாசனையும் வர ஆரம்பித்துவிட்டன. அன்றைக்குத் துவைத்தது இந்தச் சட்டையைத்தானா என்று எனக்கே பயமும் சந்தேகமுமாகிவிட்டது.

போன மாதம் ஒரு காட்சிக்கூடத்தில் அவளுக்கு ஒரு முழுச் சுவரைக் கொடுத்தார்கள். அண்ணி அவன் துணிகளையெல்லாம் வெட்டி, வெள்ளைத் துணியோடு இணைத்து, நடுவில் அந்தச் சிவப்பை வைத்தாள். புதுத்துணியின் விறைப்பு இல்லையென்று அந்தக் கைக்குத் தெரியாதா? தெரிந்துகொள்ள விரும்பவில்லை போலிருக்கிறது.

மாட்டிப் பார்த்தபோது ஓரமெல்லாம் கோணல்.

"நனைச்சு, தரையில இழுத்துக் குண்டூசி குத்திக் காயவெச்சுக் கொண்டாங்கம்மா. இப்படியே மாட்ட முடியாது," என்றாள் காட்சிக்கூடத்து அம்மா.

அண்ணி இரண்டு நாள் போர்வையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். நனைத்தால் வாசனை போய்விடும். அவனிடமிருந்து அவளுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மூன்றாம் நாள், "எத்தனை நாளைக்குத்தான் பிடிச்சு வெச்சுக்கிறது," என்று வாளியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நான் தண்ணீர் தெளிக்க, அவள் வெள்ளைத் துண்டால் சிவப்பின் மேல் ஒற்றினாள். சாயம் இறங்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். போர்வை முழுக்கப் பாழானாலும் சரி. சாயம் போனால் நான் துவைக்கவில்லை என்றாகும், ஏழு வருஷமாக எங்களோடு இருந்தது அவன்தான் என்றாகும்.

துண்டு வெள்ளையாகவே வந்தது. இன்னும் தெளிக்கச் சொல்லி, அழுத்தி ஒற்றினாள். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. துணியிலேயே பிழைப்பவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

"எப்பத் துவைச்சே?"

"அவன் கிளம்பின வாரம், அண்ணி."

திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் குனிந்து ஈரத் துணியில் மூக்கை வைத்தாள். வெகுநேரம் எழவில்லை.

"இப்பவும் வருது," என்றாள். "நீ மோந்து பாரு. இந்தத் தடவையாவது நெசத்தைச் சொல்லு."

குனிந்தேன். மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஏழு வருஷமாக வந்துகொண்டிருந்தவன் வரவில்லை.

"ஈரப் பஞ்சு வாசனைதான் வருது, அண்ணி."

"எனக்கு வருதே," என்று சொல்லிவிட்டு, குண்டூசிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.